மிச்சம் பன்னிரண்டு மணித்தியாலம்

திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து ரொறன்ரோவுக்கு விமானம் கிடையாது. ஆனாலும் எத்தனை மணித்தியாலம் என்று இணையத்தில் கேட்டால் பதில் உடனே வந்துவிடும். ஏறக்குறைய 13,900 கிலோமீற்றர், 17 மணித்தியாலம் 45 நிமிடம். தளத்துக்குத் தளம் கொஞ்சம் கூடக்குறையச் சொல்வார்கள், அவ்வளவுதான். நிமிடக் கணக்குவரை வந்து நிற்கும் அந்தத் துல்லியம்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. இல்லாத விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று ஒருவர் சொன்னால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? எங்கள் வீட்டில் பாதிப்பேர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். மற்றப் பாதிப்பேர் "உதெல்லாம் சும்மா" என்று தள்ளிவிட்டார்கள். எனக்கு இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை.

கணக்கு எப்படி வருகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு அகலக்கோடு, ஒரு நெடுங்கோடு உண்டு. இரண்டு புள்ளிகளையும் கொடுத்தால் பூமியின் வளைவோடு சேர்த்து ஆகக் குறுகிய தூரத்தைக் கணித்துவிடலாம். பிறகு அதை ஒரு சராசரி வேகத்தால், பெரும்பாலும் மணிக்கு 800 கிலோமீற்றரை ஒட்டிய ஒன்றால், வகுக்கிறார்கள். மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணித்தியாலம் கூட்டுகிறார்கள். முடிந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த நாட்டு ஆகாயம் மூடியிருக்கிறது, அந்த ஓடுபாதையில் பெரிய விமானம் வருமா, வெறும் விமானப்படைத் தளமா என்பதெல்லாம் அந்த வகுத்தலுக்குத் தெரியாது. சீனக்குடா என்ற பெயரும் ரொறன்ரோ பியர்சன் என்ற பெயரும் அதற்கு ஒன்றுதான்.

வேறு யாராவது கேட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கேட்டது செத்த வீட்டில்.

வெள்ளி விடிய

பெரியம்மா மார்கழி மழைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் நாலரைக்குப் போய்ச் சேர்ந்தார். உப்புவெளியில் வீடு. அவருடைய ஒரே மகன், எங்களுக்கெல்லாம் பெரியண்ணா, ரொறன்ரோவின் ஸ்காபுரோவில். அங்கே அப்போது வியாழன் மாலை ஆறு மணி. மாரி காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும், கோடையில் ஒன்பதரை. இந்தக் கணக்கு எங்கள் ஊரில் கிழவிகளுக்கும் தெரியும். எத்தனை மணிக்கு ஃபோன் அடித்தால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்திருக்கும் என்று விரல்விட்டுச் சொல்வார்கள்.

மலர்ச்சாலைக்காரர் உடல் கெடாமலிருக்க மருந்தேற்றிவிட்டுப் போனார்கள். முற்றத்தில் தறப்பாள் கட்டி, கதிரை இறக்கி, தேத்தண்ணி ஓடத் தொடங்கியாயிற்று. இனி ஒரேயொரு கேள்விதான். எப்ப எடுக்கிறது? இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் ஐயர் பதில் சொல்வார், பஞ்சாங்கம் பதில் சொல்லும். இப்போது இருபது முப்பது வருடமாக விமானம் பதில் சொல்கிறது. கொள்ளி வைக்க வேண்டியவன் எங்கே நிற்கிறான், எப்போது வந்திறங்குவான் என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாம். பந்தல்காரனுக்கு எத்தனை நாள் வாடகை, மடைப்பள்ளிக்கு எத்தனை நேரச் சாப்பாடு, பத்திரிகைக்கும் வானொலிக்கும் கொடுக்கும் மரண அறிவித்தலில் என்ன கிழமை போடுவது, எல்லாம் அந்த ஒரு விடையில் தொங்கிக்கொண்டு நிற்கும்.

மாமாதான் பெரியவர். பெரியம்மாவின் தம்பி, எழுபதைத் தாண்டியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய பேத்தி ஓ.எல். படிக்கிறாள். அவள்தான் ஃபோனைத் தட்டி அந்த எண்ணை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவள் பாத்தவள், பதினேழே முக்கால் எண்டு இருக்குதாம். பெடியன் இப்ப வெளிக்கிட்டா நாளைக்குக் காலமை இங்க நிக்கலாம்தானே? அப்ப சனி பின்னேரம் எடுப்பம்."

"இல்ல மாமா. ஞாயிறுதான் சரிவரும்."

"ஞாயிறோ? உனக்கு ஆர் சொன்னது?"

அண்ணா சொன்னதைத்தான் சொன்னேன். அன்றிரவு விமானத்தில் இடமில்லை. அடுத்த நாள் இரவு ஒன்பதரைக்கு ஏறுகிறார். அது எங்களுக்குச் சனி காலை எட்டு மணி. துபாயில் இறங்கி, மாறி, கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஞாயிறு காலை ஆறு மணிபோல். வீட்டுக்கு ஒரு மணியாவது ஆகும். ஏறினதிலிருந்து 29 மணித்தியாலம். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"அப்ப இவளின்ர ஃபோன் பொய்யோ? முப்பதுக்குள்ள பதினெட்டப் போட்டாலும் மிச்சம் பன்னிரண்டு மணித்தியாலம். அது எங்க போகுது?"

பேத்தியின் முகம் வாடிவிட்டது. ஃபோன் பொய் சொன்னதாக யாரோ தீர்ப்புக் கொடுத்தால் அது தன்மேல் விழும் என்பதுபோல நின்றாள். சுற்றியிருந்தவர்கள் ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். ட்ரான்சிட் என்றார் ஒருவர். பூமி சுத்துறதாலே என்றார் இன்னொருவர். விமானம் வளைந்து போகுது, நேரே போக விடமாட்டாங்கள் என்றார் மூன்றாமவர், லண்டனுக்கு ஒருமுறை போய்வந்தவர், ஆகவே அவர் சொன்னதற்குக் கொஞ்சம் மதிப்பு. ஐயர் வேறு, ஞாயிறு நாலரைக்கு இராகு காலம் தொடங்குது, அதற்குமுதல் வீட்டை விட்டு எடுக்கவேணும் என்று சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிறு மூன்று மணி என்று முடிவாயிற்று. பேச்சு அதோடு நின்றது. எனக்குத்தான் நிற்கவில்லை. மிச்சம் பன்னிரண்டு எங்கே போகிறது?

வளைந்து போவதால் அல்ல

முதலில் அந்த லண்டன்காரரின் விளக்கத்தை எடுத்துப் பார்த்தேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருக்கக்கூடியவன். சுவரில் தொங்கும் உலகப்படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இலங்கை கிழக்கே, கனடா மேற்கே, நடுவில் அரபு நாடுகள், ஐரோப்பா, அத்திலாந்திக். துபாய்க்கு ஒரு வளைவு, லண்டனுக்கு இன்னொரு வளைவு. ஆனால் பூமி சுவரில் தொங்குவதில்லை. கொழும்பு ஏறக்குறைய 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. ரொறன்ரோ ஏறக்குறைய 80 பாகை மேற்கில். இடையில் 160 பாகை. இன்னும் 20 பாகை தள்ளியிருந்தால் பூமியின் சரியான மறுபக்க நெடுங்கோடு. ஆகவே ஆகக் குறுகிய பாதை நேரே மேற்கே போவதில்லை, முதலில் வடக்கே போகிறது. இந்தியாவைக் கடந்து, ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, 72 பாகை வடக்கில் நோர்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட பனிக்கடலைத் தொட்டு, கிரீன்லாந்துக்கு மேலால் கனடாவுக்குள் இறங்குகிறது. கட்டுநாயக்காவிலிருந்து அந்த வழி ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர்.

இப்போது துபாய் வழியாகப் பாருங்கள். கட்டுநாயக்கா–துபாய் ஏறக்குறைய 3,290. துபாய்–ரொறன்ரோ 11,080. கூட்டினால் 14,370. வித்தியாசம் 400 கிலோமீற்றர்கூட வரவில்லை. பறக்கும் நேரத்தில் அரை மணித்தியாலம். லண்டன் வழியாகப் போனால்? 8,710உம் 5,710உம் சேர்ந்து 14,420. துபாய்க்கும் லண்டனுக்கும் எத்தனை தூரம், இரண்டு வழிக்கும் வித்தியாசம் 50 கிலோமீற்றர்! முதலில் நான் கணக்கைப் பிழையாகப் போட்டேனோ என்றுதான் திரும்பப் பார்த்தேன். பிறகு குசினியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நூலைச் சுற்றிப் பார்த்தபோது விளங்கிற்று. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போவதென்றால் இப்படிச் சுற்றினாலும் அப்படிச் சுற்றினாலும் நூலின் நீளம் பெரிதாக மாறாது. பக்கத்து ஊருக்குப் போகிறவனுக்குத்தான் சுற்றுப்பாதை நட்டம்.

காற்றுக் கதையும் உண்டு. பூமி சுற்றுவதால் விமானம் சீக்கிரம் வரும் அல்லது பிந்தும் என்பது சரியல்ல. பூமியோடு காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது. ஆனால் முப்பது நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஒரு காற்றாறு இருக்கிறது, மாரியில் இன்னும் பலமாக. கிழக்கே வருகிற விமானத்தை அது தள்ளிவிடும், மேற்கே போகிறதை மறிக்கும். அதனால்தான் ரொறன்ரோவிலிருந்து துபாய்க்கு வர 12½ மணித்தியாலம் போதுமானதாக இருக்கிறது, திரும்பிப் போக 14 எடுக்கிறது. அண்ணா வந்தது காற்றுக்குச் சாதகமான பக்கம்.

சரி, அவர் ஆகாயத்தில் இருந்தது எவ்வளவு நேரம்? துபாய் வரை 12½. துபாயிலிருந்து கட்டுநாயக்கா 4½. மொத்தம் 17.

பேத்தியின் ஃபோன் சொன்னது 17¾.

இதை எழுதிப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இணையத்தளம் இல்லாத விமானத்துக்கு, இல்லாத வழியில், காற்றைக் கணக்கிலெடுக்காமல் போட்ட எண், இருக்கிற இரண்டு விமானங்களும் ஆகாயத்தில் இருந்த நேரத்தோடு முக்கால் மணித்தியால வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து வந்த அதிர்ஷ்டமும் அதில் உண்டுதான். சுற்றுவழி அரை மணித்தியாலத்தைக் கூட்டியது, பின்காற்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைத்தது. என்றாலும் ஃபோன் பொய் சொல்லவில்லை. அது ஆகாயத்தைப் பற்றி மட்டும் சொன்னது. மாமாவின் பன்னிரண்டும் முழுக்க முழுக்கத் தரையில் கிடக்கிறது. துபாயில் 5. கட்டுநாயக்காவில் முத்திரை குத்தி, பெட்டி எடுத்து வெளியே வர 1. அங்கிருந்து உப்புவெளிக்கு 6. ஸ்காபுரோ வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, பியர்சனில் வரிசையில் நின்ற நேரத்தை நான் சேர்க்கவேயில்லை. சேர்த்தால் பன்னிரண்டு பதினாறாகும்.

ஏ6

இந்தப் பன்னிரண்டில் பாதி திருகோணமலைக்கு வரும் எங்கள் ஏ6 வீதியில் போகிறது என்பதுதான் என்னால் விழுங்கமுடியாத பங்கு. கட்டுநாயக்காவுக்கும் சீனக்குடாவுக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 207 கிலோமீற்றர். துபாயிலிருந்து வந்த விமானம் அந்தத் தூரத்தைக் கால் மணித்தியாலத்தில் கடக்கும். எங்கள் வான் வண்டிக்கு ஆறு மணித்தியாலம். குருநாகல் வரைக்கும் பரவாயில்லை. 2022 ஜனவரியில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையில் அதிவேகப் பாதை திறந்தபிறகு கொஞ்சம் இலேசாகியிருக்கிறது. தம்புள்ளையில் மரக்கறி லொறிகள். ஹபரணைக்குப் பிறகு கந்தளாய் வரும்வரை காடு, இருட்டினால் யானை. எங்கள் ஊர் வான் சாரதிகள் யாரும் அந்தத் துண்டை இரவில் விரும்பி ஓடுவதில்லை. ஆனால் விமானங்கள் விடியப்புறம் வந்திறங்குவதால் கூட்டிவரப் போகிறவன் இரவில்தான் அதைக் கடக்கவேண்டும். அண்ணாவைக் கூட்டிவரப் போன வான் சனி இரவு பத்து மணிக்கே போய்விட்டது. அல்லை வீதிப் பக்கம் தண்ணி நிற்கிறது, கந்தளாயில் யானை நிற்கிறது என்று வழியிலிருந்து ஃபோன் வந்துகொண்டேயிருந்தது. விமானம் எங்கே பறக்கிறது என்பதைப் பேத்தி திரையில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், அரபிக்கடலுக்கு மேலே என்று. ஒருவரும் அதற்காகக் கவலைப்படவில்லை. வான் வண்டியைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், போட்டிருக்கத் தேவையில்லை. திருகோணமலையிலிருந்து கனடா போகிற ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆறு மணித்தியாலம் வான் வண்டியில் இருந்து கட்டுநாயக்காவில் இறங்கும்போது ரொறன்ரோவுக்கு எத்தனை கிலோமீற்றர் கிட்டப் போயிருப்பார்? கிட்டவே போயிருக்கமாட்டார். சீனக்குடாவிலிருந்து ரொறன்ரோ 13,900. கட்டுநாயக்காவிலிருந்து 14,000. ஆறு மணித்தியாலம் ஓடி 100 கிலோமீற்றர் தூரமாகிவிடுகிறார். இதை நான் மாமாவுக்குச் சொன்னபோது அவர் நம்பவில்லை. பேத்தியிடம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகு, "அதுதானே, எங்களுக்கு எல்லாம் கொழும்பால சுத்தித்தானே வரும்" என்றார். அவர் பூகோளத்தைப் பற்றிப் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. அண்ணாவை முதல்முதலில் அனுப்பியதும் மாமாதான், தொண்ணூறுகளில். அப்போது கொழும்பு போவதே ஒரு நாள் வேலை. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பெட்டியைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏறி. பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் ஏஜென்சிக்காரனுடைய வார்த்தைக்குக் காத்திருப்பு. பிறகு எந்த நாடு, எந்த அறை, எந்தப் பெயரில் என்று தெரியாத மாதங்கள். அந்தப் பயணத்துக்கு மணித்தியாலக் கணக்கு எடுபடாது. அதற்கும் முந்தி, 1986 ஓகஸ்ட்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் கண்டெடுத்தார்கள். 2010 ஓகஸ்ட்டில் எம்.வி. சன் சீ கப்பல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் கடலில் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்திருந்தார்கள். இதெல்லாம் எங்கள் ஊரில் யாருக்கும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்த மாதங்களைப் பார்த்தவர், மகனைப்போல் வளர்த்த பெடியனைக் கொட்டாஞ்சேனையில் விட்டுவிட்டுத் தனியே பஸ் ஏறி வந்தவர், இன்றைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் கணக்குக் கேட்கிறார். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. மாதங்களை எதிர்த்து யாரும் கணக்குக் கேட்பதில்லை. கடவுச்சீட்டும் டிக்கெற்றும் கைக்கு வந்தபிறகுதான் மனிதன் மணித்தியாலத்துக்குச் சண்டை பிடிப்பான்.

நேரக் கணக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய விசித்திரமும் ஞாபகம் வருகிறது. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, பிறகு அரை மணித்தியாலம் திருப்பி, 2006 ஏப்ரல்வரை நாட்டை அப்படியே ஓடவிட்டது. புலிகளின் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது. ஆகவே திருகோணமலைப் பட்டினத்தில் நின்றால் ஒரு மணி, மூதூர் கிழக்கில் நின்றால் இன்னொரு மணி. இடையில் ஒரு குடாதான். கனடாக்காரர் ஃபோனில் "அங்க இப்ப எத்தனை மணி?" என்று கேட்டால், "எங்க?" என்று திருப்பிக் கேட்கவேண்டியிருந்தது.

தாங்கிகளுக்குப் பக்கத்தில்

சீனக்குடாவுக்கு விமானம் வந்தால் இந்தத் தொல்லை எல்லாம் தீரும் என்பது ஊரில் பலருடைய நினைப்பு. செத்த வீட்டுக் கதிரையிலும் அது பேசப்பட்டது. ஓடுபாதை இருக்கிறது. பிரித்தானியர் காலத்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் வந்து குண்டு போட்டதும் இந்தத் தளத்திலும் துறைமுகத்திலும்தான். இன்று விமானப்படையின் பயிற்சிக் கழகம் அங்கே இருக்கிறது. உல்லாசப் பயணிகளுக்காகச் சின்ன விமானங்கள் வந்துபோவதுண்டு. பக்கத்திலேயே அந்த 99 எண்ணெய்த் தாங்கிகள், பிரித்தானியர் தங்கள் கப்பற்படைக்காகக் கட்டியவை, பாதிக்கு மேல் காட்டுக்குள் மறைந்து கிடக்கின்றன. 2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமற்போன மாதங்களில் கட்டுநாயக்காவில் விமானங்களுக்கு ஊற்றவும் எண்ணெய் போதவில்லை. நீண்டதூர விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. அப்போது மெல்பேர்னுக்குப் போன விமானங்கூட முதலில் எதிர்த்திசையில் கேரளாவுக்குப் பறந்து, பிறகுதான் தெற்கே திரும்பியது. எரிபொருள் வரிசையில் கானுடன் நின்ற எங்களுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. இப்போது நினைத்தால், 99 தாங்கியுள்ள ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்டோமே என்று இருக்கிறது.

ஆனால் சீனக்குடாவுக்குச் சர்வதேச விமானம் வந்தால் என்ன மிச்சம் என்று நிதானமாகக் கணக்குப் போட்டால் ஊர் ஆசைக்கு அவ்வளவாக உதவாது. ரொறன்ரோவுக்கு நேர் விமானம் கட்டுநாயக்காவிலிருந்தே இல்லை. 14,000 கிலோமீற்றர் நிற்காமல் போகக்கூடிய விமானங்கள் உலகத்தில் உண்டு. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,000க்கும் அதிகமாக நிற்காமல் போகிறார்கள். ஆனால் அதற்கென்று தனியாகச் செய்த விமானம் வேண்டும், வணிக வகுப்புக் காசைக் கொட்டும் கூட்டம் வேண்டும். இலங்கையின் ஏ330 விமானங்களுக்கு அந்தத் தூரம் எட்டாது. எங்கள் சனத்திடம் இருப்பது கூட்டம், காசு அல்ல. ஆகவே சீனக்குடாவிலிருந்து கிளம்பினாலும் சென்னை, அங்கே காத்திருப்பு, பிறகு வளைகுடா, அங்கே காத்திருப்பு. சென்னை நேர்கோட்டில் 500 கிலோமீற்றர்தான், ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம். வான் வண்டியின் ஆறு மணித்தியாலத்தைக் கொடுத்துச் சென்னையின் மூன்று நாலு மணித்தியாலத்தை வாங்குவோம். பலாலியில் 2019 ஒக்ரோபரில் திறந்து, இடையில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கிய சென்னை விமானத்தால் யாழ்ப்பாணத்தாருக்கு நன்மை உண்டுதான், ஆனால் கோயிலுக்கும் வைத்தியத்துக்கும் கலியாணச் சீலைக்கும் போகிறவர்களுக்கு. கனடாக்காரனுக்கு அதனால் பெரிய சுருக்கம் கிடையாது. யானையும் லொறியும் இல்லாமல் வரலாம் என்பது மட்டும் மிச்சம். அதை நான் சின்னதென்று சொல்லமாட்டேன்.

மெல்பேர்ன்

அண்ணா ஞாயிறு ஒன்றேகாலுக்கு வந்துசேர்ந்தார். மூன்று மணிக்கு எடுத்தோம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

எட்டுச் செலவு முடிந்த அன்று பின்னேரம் மாமா என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். நான் எழுதிய கடதாசியை எடுத்துவரச் சொன்னார். ஆகாயத்தில் பதினேழு, தரையில் பன்னிரண்டு என்று பிரித்துக் காட்டியதில் அவருக்குத் திருப்தி. "அப்ப இவளின்ர ஃபோன் சரிதான்" என்று பேத்தியையும் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு கடதாசியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வீதியைப் பார்த்தபடி கேட்டார்.

"மெல்பேர்னுக்கு எத்தனை?"

மாமாவின் மகன் மெல்பேர்னில். எனக்கு அப்போதுதான் உறைத்தது, வெள்ளிக்கிழமை விடியத் தொடங்கி மாமா யாருடைய கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று. பெரியம்மாவுக்கு எப்ப எடுக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இன்னொரு செத்த வீட்டுக்கு அடுக்குப் பார்த்திருக்கிறார். பேச்சை மாற்றத்தான் முதலில் மனம் வந்தது. "இப்ப ஏன் மாமா உதெல்லாம்" என்று சொல்லி எழும்பிவிடலாம். ஆனால் அவர் கேட்டது கணக்கு. துறைமுகத்தில் முழுச் சீவியமும் கப்பல் வருகிற நாள், போகிற நாள் எழுதிய மனிதர். கணக்குக் கேட்டவருக்கு ஆறுதல் சொல்வது மரியாதையாகப் படவில்லை. பேனையை எடுத்தேன்.

"கட்டுநாயக்காவுக்கு 8,360 கிலோமீற்றர் மாமா. அதுக்கு நேர் விமானம் இருக்கு, 2017இல திரும்பத் தொடங்கினது. பதினொரு மணித்தியாலம் வைப்பம். வெளியில வர ஒண்டு. வான் ஆறு."

"பதினெட்டு."

"ஓம், பதினெட்டு. நடுவில ட்ரான்சிட் இல்ல."

"பாத்தியா, கனடாவவிடப் பதினொரு மணித்தியாலம் குறைவு." அவருக்கு அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. பெரியண்ணா கனடாவுக்குப் போன காலத்தில் தன் மகனையும் அங்கே அனுப்பச் சொல்லி எல்லோரும் நெருக்கியபோது, இல்லை, அவன் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகட்டும் என்று நின்றவர் அவர். அந்த முடிவு சரிதான் என்பதற்கு இத்தனை வருடம் கழித்து ஒரு புதிய சாட்சி கிடைத்திருக்கிறது.

"அப்ப ஒரு நாள் வச்சிருந்தாக் காணும். மருந்தடிக்கவும் தேவையில்ல" என்றார்.

"அப்பிடிச் சொல்லேலாது மாமா. ஃபோன் போற நேரம் அங்க விமானம் வெளிக்கிடுற நேரமா இருக்கவேணும். இடம் இருக்கவேணும். தவறவிட்டா அடுத்ததுக்கு நிக்கவேணும், இல்லாட்டிச் சிங்கப்பூரால சுத்தி வரவேணும். பெரியண்ணாவுக்கும் கூட நேரம் எடுத்தது அதுக்குத்தான். இருபத்தொன்பது அவர் ஏறின பிறகு எடுத்தது. ஏறுறதுக்கு முதலே இருபத்தேழு மணித்தியாலம் போயிட்டுது."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கடதாசியை விரித்துப் பார்த்தார். அந்த இருபத்தேழு அதில் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. பேத்தியிடம், "உன்ர ஃபோனில இது வராதோ?" என்று கேட்டார். வராது என்றாள் அவள், கிளம்பும் நேரங்களை வேறு இடத்தில் பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

"அப்ப எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அங்கயிருந்து வெளிக்கிடுது எண்டு முழுக்க எழுதித் தா" என்றார் மாமா. "பஞ்சாங்கத்துக்குள்ள வச்சிருப்பம். ஐயர் வந்தா ரெண்டையும் சேத்துப் பாக்கட்டும்."